வயலோரக் காடை

உயர்தரம், உயிரியல் பிரிவு

காடை என்றதும் நம்மில் பலருக்கு முட்டைதான் நினைவுக்கு வரும். கண்டி நகரத்துக் கடைகளில் சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் அடுக்கி வைத்திருப்பார்களே, கபில நிறப் புள்ளி போட்ட அந்தக் குட்டி முட்டை. சிங்களத்தில் ‘வட்டு பித்தர’ என்று கேட்டு வாங்குவோம். அல்குர்ஆனை விளங்கி ஓதும் மாணவிகளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். மூஸா (அலை) அவர்களின் சமூகத்தாருக்கு அல்லாஹ் இறக்கியருளிய ‘மன்னு, ஸல்வா’ பற்றி அல்பகரா, அல்அஃராஃப், தாஹா ஆகிய மூன்று அத்தியாயங்களில் வருகிறது. அந்த ஸல்வா என்பது காடை என்றே விரிவுரையாளர்களில் பெரும்பாலானோர் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். முட்டையையும் ஸல்வாவையும் அறிந்த நமக்கு, நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலிலும் ஒரு காடை இருக்கலாம் என்பது மட்டும் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் காடை வந்தது 2022 இல். அந்த வருடம் எப்படிப் போனது என்பதை இதை வாசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரிபொருளுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, இரவில் மின்வெட்டு. அக்குறணையில் வாப்பாவின் கடையில் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. நானா எங்கேயோ விசாரித்து நாற்பது காடைக் குஞ்சுகளை வாங்கி வந்து, குசினிக்குப் பின்புறம் கம்பி வலையால் கூடு அடித்தார். பிறகு அவர் தொழிலுக்காக வெளிநாடு போய்விட்டார். கூடு என் பொறுப்பில் வந்தது. இப்போது எழுபது காடைகள் இருக்கின்றன. முட்டை விற்கும் காசில்தான் எனது இரசாயனவியல் வகுப்புக் கட்டணம் போகிறது.

கூட்டில் வளர்வது ஜப்பானியக் காடை. உலகம் முழுவதும் பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் இந்த இனம்தான். முட்டை வைத்த பதினேழாம் நாளளவில் குஞ்சு வெளிவரும். ஆறு வாரத்தில் அதுவே முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு முட்டையின் நிறை சுமார் 10 கிராம். நாளொன்றுக்குப் பதினான்கு மணித்தியாலமாவது வெளிச்சம் இருந்தால்தான் ஒழுங்காக முட்டையிடும் என்பதால், கூட்டுக்குள் ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும். கோழியைப் போலக் காலையில் அல்ல, பெரும்பாலும் பிற்பகலில்தான் இது முட்டையிடும். ஆகவே நான் பாடசாலை விட்டு பஸ்ஸில் வந்து இறங்கும் நேரமும் முட்டை சேகரிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஒவ்வொரு பேடும் தனக்கென ஒரு புள்ளிக் கோலம் வைத்திருக்கிறது. கொஞ்ச நாள் பழகினால் எந்த முட்டை எந்தப் பேட்டினுடையது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பறவை விண்வெளிக்குக்கூடப் போயிருக்கிறது. 1990 மார்ச் மாதத்தில் ‘மிர்’ விண்வெளி நிலையத்தில் ஜப்பானியக் காடைக் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்தது. பூமிக்கு வெளியே பிறந்த முதல் பறவை அதுதான். இவ்வளவு தூரம் போய் வந்த பறவைக்கு ஒரு காரியம் மட்டும் வராது. அது அடைகாக்காது. முட்டைக்காகவே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததில் அந்தப் பழக்கம் அதைவிட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. முட்டையை இட்டுவிட்டு அதை மிதித்துக்கொண்டே தீன் தின்னப் போகும். குஞ்சு வேண்டுமென்றால் நாம்தான் அடைகாக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

எங்கள் காணியின் கீழ்ப்பக்கத்தில் முப்பது பேர்ச் அளவில் ஒரு வயல் துண்டு இருக்கிறது. உம்மாவின் வாப்பா விதைத்த வயல். அவர் மௌத்தான பிறகு யாரும் அதை விதைக்கவில்லை. வரம்புகள் இன்னும் தெரிகின்றன. நடுவில் கோரையும் தண்ணீரும், மேட்டுப்பக்கம் கினிப் புல்லும் மானாப் புல்லும். போன வருடம் பங்குனி மாதத்தில், அஸருக்குப் பிறகு கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ‘ட்ர்ர்ர்ர்’ என்று நீண்டு, சற்று நின்று, மறுபடியும் ‘ட்ர்ர்ர்ர்’. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்து இயக்குவது போன்ற சத்தம். உம்மும்மாவிடம் கேட்டேன்.

“அது காடை மகள். அந்தக் காலத்துல வெள்ளாம வெட்டுற நேரம் கால்மாட்டுல இருந்து பர்ர்ரெண்டு எழும்பும். நெஞ்சு பக்கெண்டு போகும்” என்றார்.

“கூட்டுல இருக்கிற சாதியா உம்மும்மா?”

“இல்ல மகள். இது நம்மட ஊருக் காடை.”

நம்மட ஊருக் காடை என்று ஒன்று இருக்கிறதா என்று பாடசாலை நூலகத்தில் தேடினேன். பறவை நூலொன்றில் படம் இருந்தது. சில நாட்களின் பின்னர், சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் வரும் வேளையில், வரம்பின் மேல் அது தயங்கித் தயங்கி நடந்து போவதைக் கண்டேன். எங்கள் கூட்டுக் காடையிலும் சிறியது. மார்பில் கறுப்பு வரிகள், தொண்டையில் கறுப்புப் பட்டை. தொண்டை கறுத்திருந்தால் அது பேடு.

ஆங்கிலத்தில் இதைப் பொத்தான் காடை என்ற பொருளில் அழைக்கிறார்கள். மார்பு வரிகளை வைத்து நாம் வரிக்காடை எனலாம். உயிரியல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. பார்வைக்குக் காடையாக இருந்தாலும் இது கோழி, மயில், காடை சேர்ந்த வருணத்தைச் சேர்ந்ததல்ல. கடற்காகங்களும் கரையோரப் பறவைகளும் அடங்கிய வருணத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையான காடையின் காலில் நான்கு விரல்கள். இதற்கு மூன்று, பின்விரல் கிடையாது. இரண்டுக்கும் உறவு தூரம். ஆனாலும் ஒரே விதமான புல்லுக்குள், ஒரே விதமான வாழ்க்கை வாழ்ந்ததால் உருவம் ஒன்றுபோல் ஆகிவிட்டது. நாம் கூர்ப்புப் பாடத்தில் படிப்பதற்கு நம் வயலோரத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் வாழும் இதன் துணையினத்தின் பெயரில் ‘லெக்கி’ என்ற சொல் வரும். 1878 முதல் 1880 வரையான ஆண்டுகளில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெரிய நூலாக வெளியிட்ட வில்லியம் வின்சன்ட் லெக் என்பவரை நினைத்து வைத்த பெயர் அது.

நம் கல்லூரி மாணவிகள் அறிய வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. இந்த இனத்தில் பேடுதான் பெரியது. நிறம் கூடியதும் அதுவே. நான் கேட்ட அந்தச் சத்தத்தை எழுப்புவதும் பேடு. தன் எல்லைக்குள் இன்னொரு பேடு வந்தால் சண்டைக்குப் போகும். 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்ட ஜெர்டன் என்பவர் தென்னிந்தியாவில் இதைப் பிடிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பேட்டைச் சிறு கூட்டில் வைத்துக் கத்த விடுவார்கள். சண்டைக்கு ஓடி வரும் பறவைகள் பொறியில் சிக்கும். சிக்குபவை பேடுகள்தாம்.

பேடு பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். வேறொரு சேவலைத் தேடி மறுபடியும் முட்டையிடும். புல்லை வளைத்துச் செய்த அந்தச் சிறு கூட்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாப்பது சேவல். குஞ்சுகள் வெளிவந்த பிறகு கூட்டிக்கொண்டு திரிந்து, இரை காட்டி, இரவில் சிறகுக்குள் வைத்துக்கொள்வதும் அதுதான். எங்கள் கூட்டில் அடைகாக்கத் தெரியாத தாய்கள் எழுபது இருக்க, இருபது யார் தள்ளி, புல்லுக்குள் ஒரு வாப்பா முட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறார். இதை உம்மும்மாவிடம் சொன்னபோது, “அல்லாஹ்ட படைப்புல எத்தன விதம்” என்று சிரித்தார்.

இலங்கையில் உண்மையான காடைகளும் உண்டு. நீலமார்புக் காடை உலகிலுள்ள உண்மையான காடைகளில் மிகச் சிறியது. நீளம் சுமார் 14 சென்ரிமீற்றர். ஈரமான புல்வெளியும் வயலோரமும் அதன் இருப்பிடம். இங்கிருந்து தென்கிழக்காசியா வழியாக அவுஸ்திரேலியா வரை அந்த இனம் பரவியிருக்கிறது. இன்னொன்று புதர்க்காடை. அது பெரும்பாலும் ஊவாப் பக்கத்துப் பத்தனைக் குன்றுகளில் மட்டும், அதுவும் அரிதாக உள்ளது. மழைக்காடை எப்போதாவது வந்து போகும் விருந்தாளி.

உலகப் படத்தை விரித்தால் காடைகள் நாம் நினைக்காத இடங்களிலெல்லாம் இருக்கின்றன. சாதாரணக் காடை ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு முன் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆபிரிக்காவுக்குப் பறக்கிறது. 100 கிராம் அளவு நிறையுள்ள பறவைக்கு அது சாதாரணப் பயணமல்ல. கடலைத் தாண்டிய களைப்போடு எகிப்தின் கரையிலும் சீனாயிலும் தாழப் பறந்து வந்து இறங்கும்போது மக்கள் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். ஸல்வா இறங்கிய செய்தியையும் இந்தப் பறவை வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆபிரிக்காவில் பல்நிறக் காடை மழையைத் தொடர்ந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். மழை பெய்து புல் முளைத்த இடத்துக்கு அது வந்து சேரும். அமெரிக்கக் கண்டத்துக் காடைகள் தனிக் குடும்பம். கலிபோர்னியாக் காடை நெற்றியில் முன்னோக்கி வளைந்த கறுப்புச் சூட்டோடு இருக்கும். 1931 முதல் அது அந்த மாநிலத்தின் பறவை. கம்பெல் காடை கள்ளிகள் நிறைந்த சொனோரன் பாலைவனத்தில் வாழ்கிறது. மலைக்காடை கோடையில் மலையுச்சியிலும் குளிர்காலத்தில் அடிவாரத்திலும் வாழும். அந்த இறக்கத்தைப் பறந்தல்ல, பெரும்பாலும் நடந்தே கடக்கிறது. பாலைவனம், பனிமலை, கோதுமை வயல், நெல்வயல் என்று இடங்கள் வேறுபட்டாலும் எல்லாக் காடைகளுக்கும் தேவை ஒன்றுதான். தரையில் ஒளிந்துகொள்ள மறைப்பும், நடந்து இரை பொறுக்க இடைவெளியும்.

அந்தத் தேவை இல்லாமற் போனால் காடையும் இல்லாமற் போகும். நியூசிலாந்துக் காடை ஒரு காலத்தில் அங்கே சாதாரணமான பறவை. 1875 அளவில் அது உலகத்திலிருந்தே அழிந்துவிட்டது. புல்வெளிக்கு வைத்த தீ, மனிதரோடு வந்த நாய், பூனை, எலி என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. இமயமலைக் காடையின் கதை இன்னும் சோகமானது. முசூரி, நைனிதால் பகுதிகளில், உயர்ந்த புல்லும் புதரும் உள்ள செங்குத்தான சரிவுகளில் அது வாழ்ந்தது. 1876 இற்குப் பிறகு நிச்சயமாக யாரும் அதைக் கண்டதில்லை. நூதனசாலைகளில் சுமார் ஒரு டசின் பாடம் செய்த உடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. வட அமெரிக்காவின் பொப்வைட் காடை அழியவில்லை. ஆனால் பெருமளவு குறைந்துவிட்டது. அதற்கு ஒரு முக்கிய காரணம், பெரிய இயந்திரங்கள் வந்த பிறகு வயல்களுக்கு நடுவே வேலியும் புதரும் புல்லும் இல்லாமற் போனமை.

காட்டை வெட்டினால் நமக்குத் தெரிகிறது. யாராவது படம் எடுத்துப் போடுகிறார்கள், பத்திரிகையில் செய்தி வருகிறது. புல் போனால் யாருக்கும் தெரியாது. கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் வறண்ட மாதங்களில் மானாப் புல் தீப்பற்றி எரிவதை நகரத்திலிருந்தே காணலாம். இரவில் அதைப் பார்த்து ‘அழகு’ என்று சொன்னவர்களும் உண்டு. அந்தத் தீக்குள் முட்டைகளின் மேல் ஒரு சேவல் அமர்ந்திருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றாது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு எழும்பிப் பறக்க முடியும்; முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது.

நம் முன்னோருக்குக் காடை பழக்கமான பறவை. சங்க இலக்கியத்தில் அதன் பெயர் குறும்பூழ். குறுந்தொகையில் நெய்யில் சமைத்த குறும்பூழ் வருகிறது என்றும், கலித்தொகையின் மருதத்தில் குறும்பூழ்ப் போர் வருகிறது என்றும் தமிழ் ஆசிரியை சொல்லித் தந்தார். மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய புலவர்களுக்குத் தெரிந்த வயற் பறவையை, வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாம் அறியாமல் இருக்கிறோம்.

போன டிசம்பர் விடுமுறையில் வாப்பா ஒரு படிவத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். வயலை மண் போட்டு நிரப்புவதற்கான அனுமதி விண்ணப்பம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் நெல்வயலை நிரப்ப முடியாது. எதற்காக நிரப்புகிறார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லோரும் அறிந்த விடயம். மகளுக்கு ஒரு வீடு. நான் இன்னும் உயர்தரப் பரீட்சையே எழுதவில்லை. ஆனால் வாப்பாவுக்கு இப்போதே நித்திரை வருவதில்லை. நானா அனுப்பும் காசில் ஒரு பகுதி அதற்கென்று வங்கியில் கிடக்கிறது.

“வயல் சும்மாதானே கெடக்கு மகள்” என்றார்.

நான் வாப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகியவள் அல்ல. அவருடைய கவலையும் எனக்குத் தெரியும். அந்தக் கவலை முழுக்க என்னைப் பற்றியது. அன்று மாலை தேநீர் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னேன்.

“வாப்பா, மழைக்குக் கடைக்குள்ள தண்ணி வந்த நேரம் ஞாபகமா?”

ஞாபகமில்லாமல் இருக்காது. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரம் தண்ணீரில் நிற்பது நாடே அறிந்த விடயம். எங்கள் கடையிலும் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, கீழ்த்தட்டுச் சாமான்கள் எல்லாம் வீணாயின. மலையிலிருந்து வரும் மழைநீர் முதலில் வந்து நிற்பது இப்படியான வயல்களில்தான். அங்கே நின்று, ஊறி, மெதுவாக ஆற்றுக்குப் போகும். வயல்களை ஒவ்வொன்றாக நிரப்பினால் அந்தத் தண்ணீருக்கும் ஒரு இடம் வேண்டும். அது கடைகளைத் தேடி வரும்.

“வயல் சும்மா கெடக்கல்ல வாப்பா. தண்ணியப் புடிச்சி வச்சிக்கொண்டிருக்கு. காடையும் ஒண்டு குஞ்சு பொரிக்குது. எனக்கு வீடு வேணுமெண்டா இந்த வீட்டுக்கு மேல ஒரு தட்டுப் போடுங்க. நான் உங்களோடயே இருக்கிறன்.”

வாப்பா தேநீரைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “காடைக்காக வீட்ட விட்டுக் குடுத்த பிள்ளைய இப்பதான் காணுறன்” என்றார். கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை. படிவத்தை எடுத்து அலுமாரியில் வைத்தார். இன்று வரை அது நிரப்பப்படவில்லை, கிழிக்கப்படவும் இல்லை. மேல்தட்டுப் போட எவ்வளவு முடியும் என்று ஒரு மேசனிடம் அவர் விசாரித்ததாக உம்மா சொன்னார். அந்தக் கணக்கு வயலை நிரப்புவதைவிடக் கூடவா குறையவா என்பது எனக்கு இன்னும் தெரியாது. கூட இருந்தால் வாப்பா என்ன முடிவெடுப்பார் என்பதும் தெரியாது.

காணி உள்ளவர்களெல்லாம் வீடு கட்டாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்டியைச் சுற்றி சனம் கூடியிருக்கிறது, காணி குறைந்திருக்கிறது. ஆனால் செய்யக்கூடிய சிறிய காரியங்கள் இருக்கின்றன. விதைக்காத வயலை ஒரே நாளில் முழுவதும் துப்புரவாக்காமல், ஒரு ஓரத்தில் நான்கு முழப் புல்லை விட்டு வைக்கலாம். புல்லை அழிக்கத் தீ வைப்பதைத் தவிர்த்து வெட்டலாம். வெட்டும் முன் ஒருமுறை நடந்து பார்த்து, கூடு இருந்தால் இரண்டு, மூன்று வாரம் பொறுக்கலாம். பூனையை இரவில் உள்ளே வைத்துக்கொள்ளலாம். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

ஜப்பானியக் காடைகள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கடையில் முட்டை இருக்கும் வரை காடை இருக்கிறது என்றே நாம் நினைப்போம். கூட்டுக்குள் எத்தனை கோடி வளர்ந்தாலும் அது வயலோரத்தில் உள்ள ஒன்றுக்கு ஈடாகாது. எங்கள் கூட்டுக் காடைகளைத் திறந்து வயலில் விட்டால் ஒரு கிழமைகூடத் தாங்காது. அவற்றுக்குக் கூடு கட்டத் தெரியாது, ஒளியத் தெரியாது, அடைகாக்கவும் தெரியாது. அவை என் படிப்புக்கு உதவுகின்றன. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன். அவற்றைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். புல்லுக்குள் இருப்பதற்கு யாரும் தீன் போடுவதில்லை, மின்குமிழ் எரிப்பதில்லை. அது நம்மிடம் கேட்பது அந்தப் புல்லை மட்டும்தான்.

வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மடவளையாக இருக்கலாம், கலகெதரையாக இருக்கலாம், தெல்தெனியவாக இருக்கலாம். பக்கத்தில் விதைக்காத வயலோ புல்மேடோ இருந்தால், மஃரிபுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தொலைபேசியை வைத்துவிட்டுக் காது கொடுத்துப் பாருங்கள். ‘ட்ர்ர்ர்ர்’ என்று கேட்டால் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்யுங்கள். அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும். பிறகு காணிக்காரரிடம், அவர் உங்கள் வாப்பாவாக இருந்தாலும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.